அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்

1

இந்த டிசம்பரோடு நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆபீசில் கேக் சாப்பிட்டார்கள். கேக்கை நானேதான் சுட்டு எடுத்துப் போனேன். இங்கே விசேஷம் யாருக்கோ அவர்தான் மற்றவர்களுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். முதல் வருடம் இது தெரியாமல், எனக்காக யாராவது வாங்கி வருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்து பசியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஊருக்குப் போனால், "அங்க என்ன வேலைங்க?" என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் வேலை என்றால் விட்டுவிடுவார்கள். இந்தத் தடவை கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் போன மாதம் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

மருத்துவமனையில் நோயாளியின் படுக்கைக்கு அருகே ஒரு திரை இருக்கும், அதில் இதயத் துடிப்பு கோடாக ஓடும். அந்த மாதிரிக் கருவிகளுக்கு உள்ளே ஓடும் நிரலை எழுதுகிறேன். திரையில் தெரிவதை இல்லை, அதற்கும் அடியில் இருப்பதை. சென்சாரிலிருந்து தகவல் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். கருவியின் மூளையாக இருக்கும் சிப்பே ஒவ்வொரு துணுக்காக அதைத் தூக்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டிருந்தால், அதற்கு வேறு எதற்கும் நேரம் இருக்காது. அதனால் சுமப்பதற்கென்றே உள்ளே தனியாக ஒரு பகுதி உண்டு. டி.எம்.ஏ. என்போம். தேயிலை எஸ்டேட் மேனேஜர் கொழுந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்கு நடப்பதில்லை அல்லவா? இங்கிருந்து எடு, அங்கே இறக்கு, முடிந்ததும் ஒரு குரல் கொடு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதே ஏற்பாடுதான்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மூளை அடிக்கடி பார்க்கும் தகவலின் நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும். சுமக்கிற பகுதி புதிய சரக்கை நினைவகத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கும், மூளை அது தெரியாமல் கையிலிருக்கும் பழைய நகலையே படித்துக்கொண்டிருக்கும். சில சமயம் சுமக்கிற பகுதியே எங்காவது சிக்கி நின்றுபோகும். அப்போதும் மூளை கடைசியாக வந்ததையே திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டும். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. திரையில் எல்லாம் அழகாகத் தெரியும், ஆனால் தெரிவது பழசு. இப்படி ஆகாமல் இருக்க, படிப்பதற்கு முன்னால் பழைய நகலைத் தூக்கி எறி என்று ஒரு வரி எழுத வேண்டும். புதுசு வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். யாராவது அதை மறந்திருக்கிறார்களா என்று தேடுவதில்தான் என் வேலைநாள் பாதி கழிகிறது.

சும்மாவே பயந்த சுபாவம் எனக்கு. இந்த வேலையும் சேர்ந்துகொண்டதில், கண்ணால் பார்ப்பதையும் நம்பாத ஆளாகிவிட்டேன். பதற்றம் வந்தால் ஜெர்மன் வார்த்தைகளுக்குப் பின்னாலும் 'ங்க' போட்டுவிடுகிறேன் என்று என் மகள் நிலா சொல்லிச் சிரிப்பாள்.

2

அப்பா குன்னூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ரேஷன் கார்டுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, பொண்ணு பார்க்க அனுப்புவதற்கு என்று நாற்பது வருடம் ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்திருக்கிறார். கேமராவின் கறுப்புத் துணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அசையாதீங்க, மூச்ச அப்படியே புடிங்க" என்பார். அசைந்துவிட்டால் கோபம் வந்துவிடும். சின்ன வயதில் எனக்கும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் மூக்கு அரிக்கும், ஆனால் கை தூக்க முடியாது. ஸ்டூடியோவை விற்ற பிறகும் அந்தக் குணம் மட்டும் போகவில்லை.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். இங்கே வரச் சொன்னேன். குளிர் ஒத்துக்காது என்றார், குன்னூரில் இருந்துகொண்டு! போன கோடையில் ஊருக்குப் போனபோது கூடத்தில் ஒரு சின்ன கேமரா மாட்டினேன். வீட்டுக்கு வரும் கேபிள் இன்டர்நெட்டில் அது ஓடும், கரண்டு போனாலும் ஓட இன்வெர்ட்டரும் வாங்கி வைத்தேன். அவர் போனிலும் என் போனிலும் நிலாவின் போனிலும் அதன் படம் தெரியும். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மாட்டி முடித்ததும் ஏணியில் ஏறி, "ஆங்கிள் சரியில்ல கண்ணு" என்று தானே திருப்பி வைத்தார்.

எனக்கு இங்கே மதியம் பன்னிரண்டு என்றால் அவருக்கு மாலை நாலரை. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் அது என்று அவருக்குத் தெரியும். சரியாக அந்த நேரத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், படிய வாரிய தலையோடு கேமராவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்காருவார். முதுகு நேராக, கை இரண்டும் முழங்கால்மேல், பார்வை லென்ஸில். அசையவே மாட்டார். கொஞ்ச நேரம் அப்படி இருந்துவிட்டு எழுந்து போவார்.

"அப்பா, இது வீடியோங்க. நீங்க பாட்டுக்கு நடந்துட்டு இருங்க, போதும்."

"நடந்தா முகம் எப்படித் தெரியும்? உனக்குத் தெளிவா விழோணும்னுதான உக்கார்றேன்."

நானும் விட்டுவிட்டேன். கரண்டியும் கையுமாக அப்பாவின் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மூடிவிடுவேன். எழுந்து போகிற வரைக்கும் பார்க்க எனக்கு எங்கே நேரம்?

3

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. ஊரில் அடைமழை. மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டிருக்கிறது என்று காலையிலேயே செய்தி பார்த்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பா போன் எடுக்கவில்லை. மழைக் காலத்தில் அங்கே டவர் போவது புதிதில்லை, படத்தில்தான் ஆளைப் பார்க்கிறோமே என்று இருந்துவிட்டேன். அன்றும் பன்னிரண்டு மணிக்குத் திறந்தேன். அப்பா உட்கார்ந்திருந்தார், நீல ஸ்வெட்டர், முதுகு நேராக. மனசு சமாதானமாகி, டப்பாவைக் கழுவப் போனேன்.

படத்தை மூட மறந்துவிட்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இன்னும் உட்கார்ந்திருந்தார். மணி ஒன்றை நெருங்கியது. அவ்வளவு நேரம் அவர் உட்கார மாட்டார். படத்தை விரலால் பெரிதாக்கி நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை. கண் திறந்திருந்தது. இமைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் என் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. திரையின் மூலையில் கடிகாரம் மட்டும் நொடிநொடியாக ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே உயிர் போகும் என்று சொல்வார்கள்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. மூலையில் ஓடும் கடிகாரத்தைக் கேமராவின் மூளை எழுதுகிறது. படத்தைக் கொண்டுவந்து இறக்குவது சுமக்கிற பகுதி. மழையில் கரண்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் மாறி மாறிப் போனதில் அது சிக்கி நின்றிருந்தால், பழைய படத்தின் மேலேயே புதுக் கடிகாரம் ஓடும். நான் பார்ப்பது இப்போதைய அப்பாவா, எப்போதோ உட்கார்ந்த அப்பாவா? வேறு யார் வீட்டிலாவது ஆள் கை ஆட்டியிருப்பார், தலை சொறிந்திருப்பார், பார்த்த உடனே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற படமும் நின்றுபோன படமும் ஒரே மாதிரி!

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அப்பாவின் தோளுக்குப் பின்னால் ஜன்னல். குன்னூரில் நவம்பரில் ஆறு மணிக்கு மேல் இருட்டிவிடும். எனக்கு அது ஒன்றே முக்கால். அதுவரை காத்திருந்தால் போதும். ஜன்னல் இருட்டினால் படம் நிஜம், அப்படியென்றால் அப்பா ஒன்றே முக்கால் மணி நேரமாக அசையவில்லை. இருட்டாவிட்டால் படம் பழசு. பெற்ற தகப்பனைப் படத்தில் வைத்துக்கொண்டு, இருட்டக் கூடாது, இருட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்டார். 'ஆமாங்க' என்று தமிழிலேயே பதில் சொன்னேன்.

இரண்டு மணி ஆனது. ஜன்னலில் வெயில் படாத அதே வெள்ளை வெளிச்சம். படம் பழசுதான்.

பெரிய மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. பழசு என்றால் எப்போதிருந்து? இன்றைக்கா, நேற்றா? நான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துத் திருப்திப்பட்டதெல்லாம் எந்த நாளின் அப்பா? போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது அந்தப் பெண் குரல். வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் மணி அண்ணனுக்குப் போட்டேன். அதுவும் போகவில்லை.

கேமராவை இங்கிருந்தே நிறுத்தி மறுபடி கிளப்பலாம், போனில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இப்போதைய கூடம் தெரிந்துவிடும். என்னால் அழுத்த முடியவில்லை. பழைய நகலைத் தூக்கி எறி என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவள் நான். அழுத்தாத வரைக்கும் அப்பா சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பார். அழுத்திய பிறகு தரையில் என்ன கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

4

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரயிலில் விமான டிக்கெட் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது, என் பாஸ்போர்ட் கையில் இல்லை. புதுப்பிக்கத் தூதரகத்துக்கு அனுப்பியிருந்தேன். முதல் தடவை படம் சரியில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது, தலை சாய்ந்திருக்கிறதாம். போனில் சொன்னபோது அப்பா அப்படிச் சிரித்தார். "என்ற புள்ளைக்கே தலை சாஞ்சு போச்சா? தாடையத் தூக்கிட்டு, ரெண்டு காதும் தெரியற மாதிரி உக்காரு" என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னபடி எடுத்து இரண்டாம் முறை அனுப்பினேன். அது இன்னும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் இந்த நாட்டுக்கு வரி கட்டியும், அன்றைக்கு என்னால் இதன் எல்லையைத் தாண்ட முடியாது.

வீட்டில் நிலா மட்டும்தான். பதினைந்து வயது. அவள் அப்பாவுக்கு வேறு நகரத்தில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதையும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சொல்வாள். இவளுக்கும் குன்னூருக்கும் இனி என்ன இருக்கிறது என்று நான் நினைத்து அழுத நாட்கள் உண்டு.

போனை நீட்டினேன். என் அப்பா அவளுக்கு அப்பிச்சி. "கேமரா நின்னுபோச்சு. அப்பிச்சி போன் எடுக்கல."

அவள் பார்த்துவிட்டு ஜெர்மனில் சொன்னாள், "நீல ஸ்வெட்டர் திங்கட்கிழமையோடது. செவ்வாய்க்கு எப்பவும் காப்பிக் கலர்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் மத்தியானம் ஸ்கூல்ல இருந்து வர்றப்ப பஸ்ல பாப்பேன். உக்காந்து முடிச்சு எந்திரிக்கறப்ப அப்பிச்சி ஒரு தடவை கை காட்டுவார். திங்கட்கிழமை காட்டல. அன்னிக்கு இருந்து காட்டவே இல்ல. கோபம்னு நெனச்சேன்."

கடைசி வாக்கியம் மட்டும் தமிழில் வந்தது. கை காட்டுவாரா? எனக்குத் தெரியாது. நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பொத்தானைக் காட்டி, "இதை அழுத்தணும்" என்றேன். என் விரல் போகவில்லை. நிலா என் முகத்தைப் பார்த்தாள், போனை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தாள், அழுத்திவிட்டாள்.

திரை கறுத்தது. சுற்று சுற்றென்று ஒரு வட்டம் சுற்றியது. பிறகு இருட்டில் எடுக்கும் சாம்பல் நிறப் படமாகக் கூடம் வந்தது. நாற்காலி காலி. அதன் முதுகில் ஸ்வெட்டர் தொங்கியது. தரையில் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கேமராவுக்குக் கூடம் மட்டும்தான் தெரியும். குளியலறை தெரியாது, படுக்கையறை தெரியாது. நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி அண்ணனுக்கு விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வழியாக அந்தப் பக்கம் ரிங் போனது.

"ஏனுங்க அம்மிணி, இந்த மழையில..."

"அண்ணா, அப்பா ஊட்டுல இருக்காருங்களா? கொஞ்சம் மேல போய்ப் பாருங்கண்ணா."

அவர் படி ஏறுவது கேட்டது. மழைச் சத்தம். கதவைத் தட்டும் சத்தம். அப்புறம் டார்ச்சோ என்னவோ கீழே விழுந்தது.

"அம்மிணி, வெளிய பூட்டுத் தொங்குதுங்க. செருப்பையும் காணோம், கொடையையும் காணோம். ஆளு வெளியதான் போயிருக்கோணும். நானும் ரெண்டு நாளாக் கடை தொறக்கலீங்க, கவனிக்கல. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க, காலையில விசாரிச்சுச் சொல்றனுங்க."

பூட்டு என்ற வார்த்தை இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு, குடை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எங்கே போனார் என்பதுதான் தெரியவில்லை. ரோட்டில் மண் சரிந்த செய்தி திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. நிலாவும் நானும் சோபாவிலேயே கிடந்தோம்.

5

காலையில் அப்பாவே கூப்பிட்டார். கோயம்புத்தூரிலிருந்து.

"என்ன கண்ணு, மணி கண்டபடி பேசறான். நீ அழுதியாமா?"

"எங்கீங்கப்பா போனீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. படி ஏறுனா நெஞ்சு கொஞ்சம் புடிச்சுது. நம்ம டாக்டர் உடனே கீழ போகச் சொல்லிட்டாரு. செவ்வாக்கெழம மொதப் பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன். ஒரு எடத்துல அடைப்பாம், ஸ்டென்ட்டுன்னு ஒரு ஸ்பிரிங் வெச்சுட்டாங்க. போன எடுத்து வெச்சுட்டாங்க, அதும் சார்ஜ் போயிருச்சு, இப்பத்தான் போட்டேன். சித்தப்பன் மவன் கூடத்தான் இருக்கறான். ரோடு தொறந்ததும் ஊட்டுக்குப் போயிருவேன்."

பஸ் பயணத்தைச் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்க?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? பாஸ்போட்டும் கையில இல்ல. அங்க உக்காந்து அழுவே."

பேச்சை மாற்றினேன்.

"கேமரா நின்னுபோனது தெரியுமாங்கப்பா உங்களுக்கு?"

"தெரியும். திங்கக்கெழம உக்காந்து எந்திரிச்சு வந்து போனப் பாக்கறேன், நான் இன்னும் அங்கயே உக்காந்திருக்கறேன். சரி, படம் நின்னுருச்சுன்னு தெரிஞ்சுது."

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

"நல்லாத்தான் விழுந்திருந்துச்சு கண்ணு. நெஞ்சுவலி மூஞ்சி எதுவும் தெரியல. நான் போயிட்டு வர்ற வரைக்கும் நீ அதையே பாத்துட்டு இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

நாற்பது வருடம் ஊரார் முகத்தில் கெட்டது தெரியாமல் படம் பிடித்துக் கொடுத்தவர், கடைசியில் எனக்கும் அதையே செய்திருக்கிறார். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். நிலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொன்னேன், போகமாட்டேன் என்று தமிழிலேயே சொன்னாள்.

6

ரோடு திறந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மணி அண்ணன் வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. என் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை, தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். ஆபீசில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் இப்போது இரண்டு தடவை சோதிக்கிறேன். ஏன் இவ்வளவு பயப்படுகிறாய் என்று கேட்கிறார்கள்.

கேமராவை மாற்றலாம், நின்றால் தானாகவே கிளம்புகிற மாதிரி வேறொன்று வாங்கலாம். வாங்கத்தான் போகிறேன். ஆனால் எந்தக் கேமராவும் ஒருநாள் நிற்கும். அது எனக்குத் தெரியும், இப்போது அப்பாவுக்கும் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று பன்னிரண்டு மணி. டப்பாவைத் திறக்கவில்லை. திரையில் அப்பா வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், சட்டை கழுத்தில் தொளதொளவென்று நின்றது. முதுகை நிமிர்த்தி, கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்து, லென்ஸைப் பார்த்தார். உடனே போன் போட்டேன். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மறுபடியும் சிலையாகிவிட்டார்.

"அப்பா, அசையுங்க."

"தெளிவா விழாது கண்ணு."

"விழ வேண்டாம். அசையுங்கப்பா."

அவருக்கு எப்படி அசைவது என்று தெரியவில்லை. கையைத் தூக்கினார், எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைத் தொட்டார். அப்புறம் மெதுவாக மூக்கைச் சொறிந்துகொண்டார்.